சாவித்திரியைக் காட்டிப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள்

கேள்வி: என் ஒரே மகளுக்கு 22 வயது. பி.காம். முடித்துவிட்டு இரண்டு குறும்படங்களில் நடித்தாள். இப்போது சென்னையில் ஒரு வெப் சீரிஸில் இரண்டாவது கதாநாயகி வேடம் வந்திருக்கிறது. போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ‘நடிகையர் திலகம்’ படம் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவ்வளவு பெரிய சாவித்திரிக்கே அந்தக் கதி என்றால் என் பெண் எம்மாத்திரம்? இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறாள். ஒரு வாரமாக நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: முதலில் அந்த ஒரு வார மௌனத்தை இன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள் அம்மா. நடிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்பதற்கான காரணம் சாவித்திரி கதையிலேயே இருக்கிறது, வருகிறேன்.

நீங்கள் பார்த்தது ஒரு வாழ்க்கையைப் பற்றி எடுத்த சினிமா. 2018-ல் அது வந்தபோது, தன் அப்பாவைக் காட்டியிருக்கும் விதம் சரியில்லை என்று ஜெமினி கணேசனின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஒரு குடும்பத்தில் நடந்ததை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே ஒரே மாதிரி சொல்வதில்லை என்றால், வெளியே இருக்கிற நீங்களும் நானும் யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுத முடியாது. பொதுவாக எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயங்களை மட்டும் வைத்துப் பேசுவோம்.

சாவித்திரிக்குச் சொந்த ஊர் ஆந்திராவில் குண்டூர்ப் பக்கத்துக் கிராமம். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். வளர்த்த பெரியப்பாதான் மெட்ராஸுக்குக் கூட்டிவந்து ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார். 1950-ல் ‘சம்சாரம்’ என்ற தெலுங்குப் படத்தில் பெரிய வேடம் கிடைத்து, படபடப்பில் வசனம் சரியாக வராமல் அது கைவிட்டுப் போய், துண்டு வேடம்தான் மிஞ்சியது. அடுத்த வருஷம் ‘பாதாள பைரவி’யில் ஒரு நடனம், அவ்வளவுதான். 1953-ல் ‘தேவதாஸ்’ பார்வதி வந்த பிறகுதான் பெயர் சொன்னால் ஆள் தெரிகிற நிலை. இரண்டாவது கதாநாயகி என்று எழுதியிருக்கிறீர்களே, 1955-ல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் சாவித்திரிக்கு முதலில் பேசியிருந்ததும் இரண்டாவது வேடம்தான். பானுமதிதான் கதாநாயகி. கொஞ்சம் படம் எடுத்த பிறகு பானுமதிக்கும் தயாரிப்பாளர் சக்ரபாணிக்கும் மனஸ்தாபம் வந்து அவர் விலகிவிட, அந்த வேடம் சாவித்திரிக்கு வந்தது, சாவித்திரியின் வேடம் ஜமுனாவுக்குப் போனது.

அப்புறம் 1957-ல் ‘மாயாபஜார்’, அதில் வத்சலா வேடம். கடோத்கஜன் வத்சலா உருவம் எடுத்து மணப்பெண்ணாக வந்து உட்காருவானே, அந்தக் காட்சிகளைத் தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள். பட்டும் நகையும் போட்ட அதே பெண்தான், ஆனால் தோள் உயருகிறது, நடை கனக்கிறது, கண் உருளுகிறது. கடோத்கஜனாக நடித்த ரங்காராவ் அந்தச் சின்ன உடம்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். யாராவது பார்த்தால் சட்டென்று நாணிக் குனிவார், பார்வை விலகினதும் மறுபடி ராட்சசன். மணவறையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கிற அந்த மிதி! ஒரே முகத்தில் இரண்டு ஆளைக் காட்ட இன்னொரு நடிகையால் முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும். இப்படிப்பட்ட ஒருவரின் பெயரை, கெட்டுப்போனதற்கு உதாரணமாக மட்டும் உங்கள் வீட்டில் சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜெமினியோடு கல்யாணம் 1952-ல். அதாவது பார்வதி, மிஸ்ஸியம்மா, வத்சலா எல்லாமே கல்யாணத்துக்குப் பிறகு. மகள் பிறந்த பிறகு 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’, 1961-ல் ‘பாசமலர்’, 1964-ல் ‘கர்ண’னும் ‘நவராத்திரி’யும். சினிமாவும் குடும்பமும் பத்துப் பன்னிரண்டு வருஷம் சேர்ந்தேதான் ஓடின. அதனால் சினிமாவுக்குப் போனால் குடும்பம் அமையாது என்பதற்கு இவரை உதாரணம் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கல்யாணம் ரகசியமாக இருந்தது. அவர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், இவளுக்கோ இருபதுகூட ஆகவில்லை, வீட்டில் சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். லக்ஸ் சோப் விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போடும்போது ‘சாவித்திரி கணேஷ்’ என்று எழுதிவிட, அப்படித்தான் ஊருக்கே தெரியவந்தது என்பார்கள். அந்தக் கையெழுத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெற்றவளிடமும் வளர்த்தவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒரு சோப்புக் கம்பெனிக் காகிதத்தில் எழுதும்படி ஆகிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. உங்கள் மகளுக்கும் நாளைக்கு ஏதாவது ஒன்று நடக்கும். காதல் வரும், இல்லை சம்பளப் பாக்கி வரும், யாராவது தப்பாகப் பேசுவான். அன்றைக்கு ராத்திரி அவள் யாருக்கு போன் செய்வாள்? ‘சாவித்திரி மாதிரி ஆயிடுவேன்னு அப்பவே சொன்னேனே’ என்கிற அம்மாவுக்கு நிச்சயம் செய்யமாட்டாள். அதனால்தான் முதலில் பேசுங்கள் என்றேன்.

இன்னொன்று பணம். கேட்டவருக்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவர் சாவித்திரி. 1968-ல் ‘சின்னாரி பாப்பலு’ என்ற தெலுங்குப் படத்தை, பெரும்பாலும் பெண்களையே தொழில்நுட்ப வேலைகளில் வைத்து அவரே இயக்கினார். அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல்! ஓடவில்லை. அப்புறம் சொந்தத்தில் சிவாஜியை வைத்து ‘பிராப்தம்’ எடுத்தார். 1971 ஏப்ரல் 14 அன்று அது வெளியானபோது, அதே நாளில் சிவாஜியின் இன்னொரு படமான ‘சுமதி என் சுந்தரி’யும் போட்டியாகத் திரைக்கு வந்தது. அதற்குப் பிறகு கடன், வருமான வரித் தொல்லை, குடிப்பழக்கம், சர்க்கரை நோய். 1980-ல் பெங்களூரில் சுயநினைவை இழந்தவர் 19 மாதம் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26-ல் சென்னையில் போய்விட்டார். படத்தில் நீங்கள் அழுத இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் தாங்கவில்லை.

ஆனால் அதே மெட்ராஸில், அதே காலத்தில் பானுமதியும் இருந்தார். 1943-ல் உதவி இயக்குநர் ராமகிருஷ்ண ராவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, மகன் பெயரிலேயே பரணி பிக்சர்ஸ் தொடங்கி, 1953-ல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கி, எண்பது வயது வரை மரியாதையோடு வாழ்ந்தவர். டி.ஆர். ராஜகுமாரி கல்யாணமே செய்துகொள்ளவில்லை, தி.நகரில் தன் பெயரில் தியேட்டர் கட்டினார். ஒரே தொழிலில் மூன்று பெண்களுக்கு மூன்று விதமாக வாழ்க்கை அமைந்திருக்கிறது. நீங்கள் ஒன்றை மட்டும் பார்த்துப் பயப்படுகிறீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஒப்பந்தம் இல்லாமல் ஒரு நாள்கூட ஷூட்டிங் போக வேண்டாம். அதில் சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள், எப்போது தருவார்கள் என்று இருக்க வேண்டும், புரியாத வரிக்குக் கீழே கையெழுத்துப் போடக் கூடாது, தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவை காட்டுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அந்த வெப் சீரிஸில் இந்தக் குழுவில் யார் யார் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த இடம் வேண்டாம். சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும், அதை நீங்களும் எடுத்து ஆள வேண்டாம், ஆனால் மாதம் ஒரு நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து வரவு செலவு பாருங்கள். தங்குமிடத்தை நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ‘மாயாபஜார்’ போடுங்கள், அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அந்தக் கல்யாணக் காட்சி முடிந்ததும் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துவரச் சொல்லி, முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படியுங்கள்.