கோடையில் வண்ணாத்திப்பூச்சிகள் எங்கே போயின?

"யாழ்ப்பாணத்தில் கோடை வந்தால் முந்தி மாதிரி வண்ணாத்திப்பூச்சி, தேனீ, தும்பி ஒன்றையும் காணவில்லையே, வெயில் கூடியதாலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வளவைச் சுற்றியும் இப்போது மதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உரும்பிராயில் எங்கள் வளவுக்குக் கிளுவை வேலி இருந்தது. அதில் ஆடுதின்னாப்பாளைக் கொடி படர்ந்து கிடக்கும். கறுப்புச் செட்டையில் சிவப்புப் புள்ளிகளும் சிவப்பு உடம்புமாக ஒரு வண்ணாத்திப்பூச்சி வருமே, அதன் புழுவுக்கு அந்தக் கொடி இனம்தான் சாப்பாடு. 2016இல் அண்ணா கனடாவில் இருந்து காசு அனுப்ப, வேலியை வெட்டி மதில் கட்டினோம். வெட்டச் சொன்னதே நான்தான். அடுத்த கோடையில் அந்தப் பூச்சி ஒன்றுகூட வரவில்லை.

"தேசிமரத்துக்கு வருகுதே, பிறகென்ன?" என்றா அம்மா. கிட்டப் போய்ப் பார்த்தேன். செட்டையில் சிவப்பு இருந்தது, உடம்போ கறுப்பு. அது வேறு இனம். ஆடுதின்னாப்பாளை தின்று வளர்ந்த பூச்சியின் உடம்பில் நஞ்சு ஊறியிருப்பதால் குருவிகள் அதைத் தொடமாட்டா. அதே சாயலைக் காட்டிக் குருவிகளிடம் தப்பிக்கொள்கிற இந்த மற்றது, தேசியிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும்.

ஒரு வேலியை வைத்து ஊருக்கே கதை சொல்கிறாயா என்று சிலர் வருவீர்கள். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. வெயிலும் மருந்தடிப்பும் காரணமில்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் வளவில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

அந்த மதிலாவது ஒழுங்காக நிற்கிறதா? முழுக்காசும் வாங்கிய மேசன் உட்பக்கம் பூசாமலே போய்விட்டார். நாலு தரம் வீட்டுக்குப் போயும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, தேனீக்கு வருகிறேன். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது, வடகத்துக்குப் பூப் பொறுக்கப் பாய் விரிக்கிற நேரம் காலையில் மரத்தடியில் நின்று பாருங்கள், இரைச்சல் கேட்கும். தும்பியின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்வது. குளம் வற்றினால் குறையத்தான் செய்யும், மாரி மழையோடு திரும்ப வரும்.

போன வருசம் புத்தூரில் மச்சாள் வீட்டு வேலியில் இருந்து ஆடுதின்னாப்பாளைக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து மதிலோரம் வைத்தேன். இந்த வைகாசியில் இலைக்குக் கீழே நாலு செந்நிற முட்டைகள் இருந்தன. மருந்தடிக்க வந்த தம்பியை அந்தப் பக்கம் போகவே விடவில்லை.