ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில், பகுதி பகுதியாகச் செய்து பொருத்தும் மரவீட்டு விடுதியை மரத்தின்மேல் அமைக்க முடியுமா?

முடியும். தோட்டம் உங்களுடையது, வரைபடமும் ஏறக்குறைய தயார், சுவரையும் தரையையும் சேலத்துப் பட்டறையில் செய்து லாரியில் ஏற்றிப்போய் இரண்டே நாளில் பூட்டிவிடலாம் என்று எவரோ உங்களுக்கு நம்பிக்கை கொடுத்திருக்கிறார் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே நம்பிக்கையை ஒரு தோட்டக்காரருக்குக் கொடுத்தவன் நான் என்பதால் எழுதுகிறேன். நான் கட்டடக்கலை படித்தவன் அல்லன். சேலத்தில் மரவேலைப் பட்டறை வைத்திருப்பவன். படித்தவர்கள் பிழை கண்டால் தாராளமாகத் திருத்தலாம், ஆனால் அந்தப் பலகைகளைத் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்தத் தோட்டக்காரரின் வரைபடத்தில் ஒவ்வொரு சுவரும் 10 அடிக்கு 8 அடி. லாரி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சிரமமின்றி ஏறிவிட்டது. தோட்டத்து வாசலில் இருந்து மரம் வரை ஏறத்தாழ 300 மீட்டர் ஒற்றையடிப் பாதை. அதைத்தான் எவரும் அளக்கவில்லை. பாதை திரும்பும் இடத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் நெருங்கி நின்றன. படுக்கவைத்தால் சுவர் காப்பிச் செடியில் இடித்தது, நிமிர்த்தினால் கிளையில் இடித்தது. காய் பிடித்த செடி ஒவ்வொன்று முறியும்போதும் தோட்டக்காரரின் மனைவி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு நாள் இழைத்துப் பூட்டிய சுவர்கள் மூன்றை அங்கேயே நடுவில் அறுத்தேன்.

அதைவிடப் பெரிய தவறு தரையில் நேர்ந்தது. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், ஒரு பலகையின் ஓரத்து நாக்கு அடுத்ததன் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், இம்மியும் இடைவெளியின்றி இறங்கும்படி செய்திருந்தோம். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. ஆடியில் தோட்டக்காரர் அழைத்தார். போய்ப் பார்த்தால், தரை பொரிந்த அப்பளம் போல நடுவில் எழும்பியிருந்தது, கதவு பாதியில் நின்றது. கூட வந்த தோட்டத்து வேலையாள், "ஏனுங்க ஆசாரியாரே, ஆடி மாசத்துல எங்க ஊட்டுக் கதவே மூடாதுங்களே, எங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமுங்க" என்றார். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கீழே காய்ந்த மரம் மேலே மூடுபனியின் ஈரத்தைக் குடித்து உப்பும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் மாறும். 5 அங்குலப் பலகை ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் விரிந்தாலே, 24 பலகை போட்ட பத்தடி அறையில் ஏறக்குறைய ஓர் அங்குலம் எங்கே போகும்? இப்போதெல்லாம் பலகைகளைத் தோட்டத்திலேயே கொட்டகை போட்டு, இடையிடையே ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டம் வைத்து அடுக்கி, ஒரு மாதமாவது ஆறவிட்ட பிறகே உளி வைக்கிறேன். சுவரோரம் நான்கு பக்கமும் இடம் விடுகிறேன்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்பிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக் நெட்டுக்குத்தாக வளர்ந்து நிற்பதால் தூண் போலக் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பலத்த காற்றில் கிளை முறியக்கூடியது. ஆணி அடித்தால் மரத்துக்கு வலிக்கும் என்று எண்ணி அடிமரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டேன். மூன்றாம் ஆண்டில் அந்த இரும்புப் பட்டைக்கு மேலே மரம் புடைத்துத் தள்ளியிருந்தது. இலை ஆக்கும் உணவு மரப்பட்டையின் உட்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிக் கட்டினால் அது கழுத்தை நெரித்ததற்குச் சமம். ஒரே தடித்த போல்ட் போடும் காயம் அதைவிடச் சிறிது. இப்போது வீட்டைத் தன் கால்களிலேயே நிறுத்தி, மரம் பருக்கவும் காற்றில் ஆடவும் சுற்றிலும் 3 அங்குலம் விட்டுத் தரையைத் துளைத்துப் போகவிடுகிறேன். அப்படியானால் அது மரவீடே அல்ல என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், மரம் பிழைத்திருக்கிறது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஏற்காட்டு மலைக்குத் தனி விதிகள் உண்டு. மரத்தின்மேல் இருப்பதாலேயே அது கட்டடம் இல்லை என்றாகிவிடாது.

அந்த வீட்டின் படம் பின்னர் ஓர் இதழில் வந்தது. வடிவமைத்தவர் பெயர் இருந்தது, உரிமையாளர் பெயர் இருந்தது, திண்ணையில் படுத்திருந்த நாயின் பெயர்கூட இருந்தது. இழைத்த ஐந்து பேரில் ஒருவர் பெயரும் இல்லை. நீங்கள் கேட்காததுதான், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்றை வாங்குங்கள். தோட்டத்து வாசலில் இருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த மரம் வரை இரண்டு ஆட்களை அதைத் தூக்கி நடக்கச் சொல்லிப் பின்னாலேயே போங்கள். அவர்கள் எங்கே நின்று முழிக்கிறார்களோ அந்த இடத்தின் அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அதற்குள் அடங்குமாறு சுவர்களை வரையச் சொல்லுங்கள்.