இரண்டு கண் பார்வை

கேள்வி: போர்டு கேம், வீடியோ கேம் என்று பொழுதுபோக்குவது பற்றிப் பெண்களின் பார்வை என்ன? – வாசகர், திருச்சி

பதில்: சராசரியாக 61.7 மில்லிமீட்டர்.

'பார்வை' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குக் கை அரிக்கும். தமிழில் வரும் கட்டுரைகளில் பாதிக்குத் தலைப்பு 'ஒரு பார்வை'. மீதிப் பாதிக்கு 'ஒரு மறுபார்வை'. 'கம்பன் – ஒரு பார்வை', 'கத்தரி சாகுபடி – ஒரு பார்வை'. ஒரு பார்வைதான் என்றால் இன்னொரு கண் என்ன செய்துகொண்டிருந்தது?

நாம் இரண்டு கண்ணையும் வைத்தே பேசுவோம். அமெரிக்க ராணுவத்தினரை அளந்து 2012-இல் தொகுத்த கணக்கில், இரு கண்மணிகளுக்கும் இடையே ஆண்களுக்குச் சராசரி 64 மி.மீ., பெண்களுக்கு 61.7. முகத்தில் மாட்டி ஆடும் வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) கருவியில் லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே நிற்க வேண்டும். 2019-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் எஸ்-இல் லென்ஸ்கள் 63.5-இல் இறுகிக் கிடந்தன, நகர்த்த வழியில்லை. அடுத்த ஆண்டு வந்த குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என மூன்று நிலைகள். வீட்டில் என்ன நடக்கும்? கணவர் மூன்றாம் நிலையில் ஆடிவிட்டு அப்படியே கழற்றி மனைவி முகத்தில் மாட்டிவிடுவார். ஓரமெல்லாம் கலங்கும், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். "உனக்கெல்லாம் இது ஒத்துக்காதும்மா" என்று தீர்ப்பு வரும். ஒத்துக்கொள்ளாதது அந்த 68.

அளப்பது சுலபம். நிலைக்கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, ஸ்கேலைப் புருவத்தை ஒட்டிப் பிடிக்கவும். வலக்கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவுக்குப் பூஜ்யத்தைக் கொண்டுவரவும். தலையும் ஸ்கேலும் அசையாமல் இடக்கண்ணை மூடி வலதைத் திறந்தால், அந்தக் கண்மணிக்கு நேரே நிற்கும் கோடுதான் அளவு. மூன்று முறை பாருங்கள். 61-க்குக் கீழே என்றால் முதல் நிலை, 66-ஐத் தாண்டினால் மூன்றாவது. லென்ஸை விரலால் தள்ளும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். நடுவில் நின்றால் இரண்டுங்கெட்டான்.

கைக்கும் இதே கதைதான். 2001-இல் எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் பெட்டியோடு வந்த கைப்பிடி கன்ட்ரோலர் 'டியூக்' என்று பட்டப்பெயர் வாங்கும் அளவுக்குப் பெரிது. பிறகு சின்னதாகச் செய்ததும் பெண்களுக்காக இல்லை, ஜப்பான் சந்தைக்காக.

இல்லை, கருத்தைத்தான் கேட்டேன் என்கிறீர்களா? பெண்கள் என்ன கட்சியா, ஒரே அறிக்கை விட? ஒருவருடைய கருத்தை வேண்டுமானால் சொல்கிறேன். நிலத்தை வளைத்துப் போட்டவன் வாடகையிலேயே கொழுக்கிறான் என்று காட்ட, லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண் ஒரு பலகை ஆட்டம் செய்து 1904-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து கிளைத்ததுதான் மோனோபொலி. 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் அவருடைய உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டு, கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்றே ஊருக்குச் சொன்னது. வாடகை அநியாயம் என்று அவர் போட்ட கட்டத்தில்தான் நாம் ஹோட்டல் கட்டி வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வாடகைத் தொல்லை இல்லாதது தாயம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கிற பெண்களைக் கேளுங்கள், பாதி ராத்திரிச் சண்டை எதில் வருகிறதென்று. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று குறித்த இரண்டு கட்டைகளில், காய் இறக்கத் தேவையான தாயம், அதாவது கூட்டினால் ஒன்று, விழ 16-க்கு 2 வாய்ப்பு. பத்து முறை உருட்டியும் விழாமல் போக நான்கில் ஒன்றுக்குச் சற்றே மேல்; இதில் ராசியில்லாத கை என்று எதுவும் இல்லை, நாத்தனார் என்ன சொன்னாலும் சரி. நால்வர் ஆடினால், ஆளுக்குப் பத்து முறை உருட்டிய பின்னும் யாராவது ஒருவராவது காய் இறக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கப் பத்தில் ஏழு வாய்ப்பு. பார்வை வேண்டுமென்றால் அவரிடம் கேட்டிருக்கலாம். ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொண்டால் வாய்ப்பு 16-க்கு 4 ஆகும். நடுவில் பேசினால் பலகை பறக்கும்.