அமெரிக்கன் ஃபுட்பாலில் யாரும் அதிகம் பயன்படுத்தாத உதை விதிகள் உண்டா?

கேள்வி இதுதான்: விதிப் புத்தகத்தில் இருந்தும் ஆட்டத்தில் அநேகமாகக் கண்ணிலேயே படாத உதை விதிகள் அமெரிக்கன் ஃபுட்பாலில் உண்டா? உண்டென்றால் ஏன் யாரும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை?

உண்டு. அதில் ஒன்றை நேரலையில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024 டிசம்பர் 19, வியாழக்கிழமை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் இரவு மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. டிவியில் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் டென்வர் பிராங்கோஸும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த ஆட்டத்தில் துளியும் ஆர்வம் கிடையாது.

முதல் பாதி முடியப்போகிறது. டென்வர் 21-10 என்று முன்னிலை. கையில் சில நொடிகள்தான், அதனால் டென்வர் பந்தை பன்ட் செய்துவிட்டது. பன்ட் என்றால், இனி நம்மால் முன்னேற முடியாது, எதிரணி எவ்வளவு தூரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமோ ஆரம்பிக்கட்டும் என்று பந்தைக் காலால் அனுப்பிவிடுவது. சார்ஜர்ஸின் டேரியஸ் டேவிஸ் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அதற்குப் பெயர் ஃபேர் கேட்ச். ‘நான் பிடிக்க மட்டும்தான் போகிறேன், ஓடமாட்டேன், என்னைத் தொடாதே’ என்று அர்த்தம். டென்வர் வீரர் ஒருவர் வேகத்தில் வந்து, பந்து கைக்கு வருவதற்குள் அவர்மேல் மோதிவிட்டார். 15 யார்டு அபராதம். கடிகாரம் சுழியத்தைத் தொட்டிருந்தது.

சாதாரணமாக இந்த இடத்தில் எல்லோரும் எழுந்து ஓய்வறைக்குப் போவார்கள். நானும் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பார்த்தால் சார்ஜர்ஸின் உதைப்பவர் கேமரன் டிக்கர் மைதானத்துக்குள் வருகிறார். (ரசிகர்கள் இவரை ‘டிக்கர் த கிக்கர்’ என்பார்கள். எதுகை தெரியாத ஊர் என்று யார் சொன்னது?) எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்துக் கேட்டது இது: “என்னங்க, எல்லாரும் சும்மா நிக்கிறாங்க? யாருமே ஓடி வரலையே?”

அந்த விதியின் சாரமே அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஃபீல்டு கோல் என்றால் பந்தை இரண்டு கோல் கம்பங்களுக்கும் நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது. வழக்கமான ஃபீல்டு கோலில் ஒருவர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் எறிவார், இன்னொருவர் பிடித்துத் தரையில் நிறுத்துவார், உதைப்பவர் உதைப்பார். எல்லாம் ஒன்றரை நொடிக்குள் முடிய வேண்டும். எதிரே ஆளுக்கு 130, 140 கிலோ இருக்கும் ஆட்கள் பாய்ந்து வருவார்கள். அன்று அப்படி எதுவுமே இல்லை. பந்தை ஒருவர் தரையில் நிறுத்திப் பிடித்திருந்தார். டென்வர் அணி பத்து யார்டு தள்ளி, பள்ளிக்கூட பிரேயரில் நிற்பது போல நின்றது. அவர்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்கலாம். டிக்கர் நிதானமாக ஓடி வந்து உதைத்தார். 57 யார்டு. பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனது. மூன்று புள்ளி.

இதுதான் ஃபேர் கேட்ச் கிக். ஃபேர் கேட்ச் பிடித்த அணி, அல்லது பிடிக்கவிடாமல் தடுக்கப்பட்ட அணி, விரும்பினால் அந்த இடத்திலிருந்து யாருடைய தொந்தரவும் இல்லாமல் கோலுக்கு ஓர் உதை உதைத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்திருந்தாலும் இந்த ஓர் உதைக்காகப் பாதியை நீட்டித்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் இதற்கு முன் கடைசியாக இது வெற்றிபெற்றது 1976-ல், ரே வெர்ஷிங் 45 யார்டிலிருந்து உதைத்தபோது. அவரும் சார்ஜர்ஸ்காரர்தான், அப்போது அந்த அணி சான் டியாகோவில் இருந்தது. 48 வருட இடைவெளி! தூரத்திலும் டிக்கருடையதே சாதனை. அதற்கு முன் 1964-ல் பால் ஹார்னங் அடித்த 52 யார்டு நின்றிருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான ஃபீல்டு கோலில் பந்து இருக்கும் கோட்டிலிருந்து ஏழெட்டு யார்டு பின்னால் எறிந்து, அங்கிருந்து உதைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர்கள் கையை நீட்டியே தடுத்துவிடுவார்கள். ஃபேர் கேட்ச் கிக்கில் எறிதலே இல்லை, பந்து இருக்கும் இடத்திலேயே உதைக்கலாம். அன்று பந்து இருந்தது டென்வரின் 47 யார்டு கோட்டில். கோல் கம்பம் எல்லைக்கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால் இருப்பதால் 57. அதே இடத்திலிருந்து சாதாரணமாக உதைத்திருந்தால் 64, 65 ஆகியிருக்கும். யார்டு என்றால் நம் கெஜம்தான். எட்டு கெஜம் சேலை தூரம் இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தவிர, யாரும் தடுக்க வரமாட்டார்கள் என்பதால் பந்தை உயரமாகத் தூக்க வேண்டியதில்லை, தாழ்வாக, பலத்தையெல்லாம் தூரத்துக்கே கொடுக்கலாம்.

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை என்றால், இந்தத் தருணம் வாய்ப்பதே அபூர்வம். பந்தை மைதானத்தின் நடுப்பகுதியிலோ அதைத் தாண்டியோ பிடிக்க வேண்டும். அதற்கு எதிரணி தன் எல்லைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு பன்ட் செய்திருக்க வேண்டும், அந்தப் பன்ட்டும் சுமாராகப் போயிருக்க வேண்டும். நேரமும் தீர்ந்திருக்க வேண்டும். நேரம் இருந்தால் எந்தப் பயிற்சியாளரும் நடுக்களத்திலிருந்து ஆடி, டச் டவுன் அடித்து (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்) ஏழு புள்ளிக்குத்தான் போவார், மூன்றுக்கு ஆசைப்படமாட்டார். தவறினால் எதிரணிக்குப் பந்து நல்ல இடத்தில் கிடைத்துவிடும் என்ற பயம் வேறு.

1968-ல் ஒருமுறை எல்லாம் கூடி வந்தது. சிகாகோ பேர்ஸின் மாக் பெர்சிவல் கடைசி நிமிடத்தில் 43 யார்டிலிருந்து இப்படி உதைத்து, கிரீன் பே பேக்கர்ஸை 13-10 என்று தோற்கடித்தார். நான்கு வருடம் முன்பு ஹார்னங் அந்த 52 யார்டை உதைத்தது பேக்கர்ஸுக்காக, சிகாகோவுக்கு எதிராக. கடன் வட்டியோடு திரும்பியது. 1976-க்குப் பிறகு முயன்றவர்கள் எல்லாம் தோற்றார்கள். 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில் டாசன் 71 யார்டிலிருந்து முயன்றார், எட்டவில்லை. 2019-ல் லண்டனில் நடந்த ஆட்டத்தில் ஜோயி ஸ்லை 60 யார்டில் தவறவிட்டார்.

டாசனை உதைக்க அனுப்பிய பயிற்சியாளர் ஜிம் ஹார்பா. 2024-ல் டிக்கரை அனுப்பியவரும் அதே ஹார்பாதான்! ஆட்டம் முடிந்ததும், தனக்கு மிகவும் பிடித்த விதியே இதுதான் என்றார். பதினொரு வருடம் ஒரு விதியை மடியில் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் காத்திருந்திருக்கிறார். உதைக்க வலுவான கால் எல்லா அணியிலும் இருக்கிறது. கடிகாரம் சுழியமானதும் உள்ளே போகாமல் நடுவரிடம் போய்க் கேட்க ஒருவருக்குத் தோன்ற வேண்டும், இந்த விதிகள் எல்லாமே அந்த இடத்தில்தான் நிற்கின்றன. அன்று சார்ஜர்ஸ் 34-27 என்று ஜெயித்தது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்றால், ரக்பியிலிருந்து. அங்கே பந்தைச் சுத்தமாகப் பிடித்து ‘மார்க்’ சொன்னவர் அங்கிருந்தே கோலுக்கு உதைக்கும் வழக்கம் இருந்தது. ரக்பியே 1977-ல் அதைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் இன்று இது கிடையாது. என்.எஃப்.எல்.லும் உயர்நிலைப் பள்ளி விதிகளும் மட்டும் பரணில் போட்ட பழைய அண்டா மாதிரி வைத்திருக்கின்றன.

சரி, அடுத்தது. விதி தெரியாததால் (அல்லது ஒரு கணம் மறந்ததால்) தோற்ற கதை ஒன்று.

1993, நன்றி நவிலல் நாள். டெக்சாஸில் பனி பெய்கிறது. டல்லஸ் கௌபாய்ஸின் மைதானக் கூரையில் நடுவே பெரிய திறப்பு, அதன் வழியே பனி உள்ளே கொட்டித் தரை வெள்ளையாகக் கிடக்கிறது. டல்லஸ் 14, மயாமி 13. கடைசி நொடிகளில் மயாமி 41 யார்டு ஃபீல்டு கோல் முயல்கிறது. டல்லஸ் வீரர் ஒருவர் கையால் தடுத்துவிட்டார். பந்து உருண்டு முன்னால் போகிறது. டல்லஸ்காரர்கள் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தடுக்கப்பட்ட பந்து, ஆட்டம் தொடங்கும்போது அது இருந்த கோட்டைத் தாண்டிவிட்டால், உதைத்த அணி அதை எடுத்துத் தனதாக்கிக்கொள்ள முடியாது. டல்லஸ் சும்மா நின்றாலே போதும், ஆட்டம் முடிந்தது.

லியான் லெட் சும்மா நிற்கவில்லை. பெரிய உடம்போடு ஓடி வந்து, பனியில் சறுக்கி, பந்தின்மேல் விழப்பார்த்தார். கால் பட்டுப் பந்து விலகி ஓடியது. டல்லஸ்காரர் தொட்டுவிட்டதால் இப்போது பந்து யார் எடுத்தாலும் அவர்களுக்கு. மயாமி ஒரு யார்டு கோட்டில் அமுக்கிவிட்டது. மூன்று நொடி மிச்சம். பீட் ஸ்டோயனோவிச் இரண்டாவது முறை, இந்தத் தடவை 19 யார்டிலிருந்து, உதைத்தார். மயாமி 16-14. ஆனாலும் அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை டல்லஸ்தான் வென்றது, லெட் அந்த விதத்தில் தப்பித்தார்.

அதே கோட்டு விதிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. தடுக்கப்பட்ட பந்து கோட்டைத் தாண்டாமல் பின்னாலேயே விழுந்தால், உதைத்தவரே எடுத்து மறுபடியும் உதைக்கலாம். 2021 அக்டோபரில் சியாட்டிலின் மைக்கேல் டிக்சன் செய்தார். ராம்ஸுக்கு எதிராக அவர் பன்ட்டைத் தடுத்துவிட்டார்கள். அவர் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இன்னோர் உதை கொடுத்தார். 68 யார்டு! முதல் உதை ஒழுங்காகப் போயிருந்தால்கூட அவ்வளவு தூரம் போயிருக்குமா தெரியாது. கிரிக்கெட்டில் பந்தை இருமுறை அடித்தால், விக்கெட்டைக் காப்பாற்ற என்றால் தவிர, அவுட். இங்கே பன்ட்டை இருமுறை உதைத்தால் பாராட்டு.

வியூகம் என்று பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்தது, தெரிந்தே எதிரணிக்கு இரண்டு புள்ளி கொடுப்பது. 2003 நவம்பர் 3, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் டென்வரில் ஆடுகிறது. ஸ்கோர் 24-23, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம். பந்து தன் எல்லையிலிருந்து ஒரே ஒரு யார்டில். அங்கிருந்து பன்ட் செய்தால் உதைப்பவருக்குப் பின்னால் இடமே இல்லை, தடுத்தால் ஆட்டம் காலி, தடுக்காவிட்டாலும் டென்வருக்கு நடுக்களத்தில் பந்து. பயிற்சியாளர் பில் பெலிச்செக் என்ன செய்தார்? பந்தை வேண்டுமென்றே மைதானத்துக்கு வெளியே பின்னால் எறியச் சொன்னார். அது சேஃப்டி, டென்வருக்கு இரண்டு புள்ளி, 26-23.

கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் சேஃப்டி கொடுத்த அணி தன் 20 யார்டு கோட்டிலிருந்து, யாரும் பாய்ந்து வராத நிலையில், பந்தை உதைத்து அனுப்பலாம், பன்ட்டாகவே உதைக்கலாம். ஒரு புள்ளி வித்தியாசமும் மூன்று புள்ளி வித்தியாசமும் அந்த நேரத்தில் பெரிய வேறுபாடில்லை. ஒன்றில் ஃபீல்டு கோல் அடித்தால் வெற்றி, மற்றதில் சமன். அந்த வித்தியாசத்தை விற்று மைதானத்தில் பாதியை வாங்கினார். டென்வரால் முன்னேற முடியவில்லை, பந்து திரும்பி வந்தது. அரை நிமிடம் இருக்கும்போது டாம் பிரேடி டேவிட் கிவன்ஸுக்கு எறிந்து டச் டவுன். 30-26.

பத்து வருடம் கழித்து, 2013 சூப்பர் பவுலில் பால்டிமோர் முன்னிலையில் இருந்தபடி இதையே செய்தது. ஐந்து புள்ளி கூடுதல், 12 நொடி பாக்கி. பன்ட் உதைக்கும் சாம் குக் உதைக்காமல் பந்தோடு, தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஸோனில் அங்கும் இங்கும் நடைபோட்டு எட்டு நொடியைத் தின்றுவிட்டு வெளியே போனார். 34-31, நான்கு நொடி, கோப்பை.

டிராப் கிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தைக் கையிலிருந்து தரையில் போட்டு, எழும்பும் கணத்தில் உதைப்பது. இன்றும் முழு அனுமதி உண்டு. 1930-களில் பந்தை எறிவதற்கு வாகாக முனையை இன்னும் கூர்மையாக்கிவிட்டார்கள், அதனால் தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது, வழக்கம் அதோடு செத்துவிட்டது. என்.எஃப்.எல்.லில் 1941-க்குப் பிறகு 2006 ஜனவரி 1 அன்றுதான் ஒருவர் அப்படிப் புள்ளி எடுத்தார். 43 வயது டக் ஃப்ளூட்டி, ஓய்வு பெறும் தறுவாயில். அனுமதித்தது யார் என்று கேட்கவே வேண்டாம், பெலிச்செக்தான். பேட்ரியட்ஸ் அந்த ஆட்டத்தில் மயாமியிடம் தோற்றது, ஆனால் அன்று அந்த உதையைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

நீங்களும் இதில் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டுமென்றால் முதல் பாதியின் கடைசி இருபது நொடியில் எழுந்து போகாதீர்கள். ஓர் அணி தன் எல்லைக்குப் பக்கத்திலிருந்து பன்ட் செய்கிறதா, பிடிக்கப்போகிறவர் கையைத் தூக்குகிறாரா என்று பாருங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மனைவியும் அந்த நேரத்துக்கு எட்டிப் பார்த்து, “இன்னைக்கு சும்மா நிப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.