கேளுங்க, சொல்றேன்: தோத்தவனுக்கு விழுற ஜாக்பாட்

கேள்வி: அண்ணே, என் தம்பி அமெரிக்காவுல வேலை பாக்குறான். சனிக்கிழமையானா கேசினோவுக்குப் போயி போக்கர் ஆடுறான். அங்க பேட் பீட் ஜாக்பாட்னு ஒண்ணு இருக்காம், ரொம்ப நாளா யாருக்கும் விழல, போர்டுல தொகை ஏறிக்கிட்டே இருக்கு, அதனால இனி சீக்கிரம் விழுந்துரும்ங்கிறான். அம்மாவுக்குத் தூக்கமே இல்ல. நெசமாவே விழுமா?
வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, மொதல்ல அது என்னன்னு அம்மாவுக்கும் புரியற மாதிரி சொல்லிடுறேன். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு, இந்த ஏழுல நல்ல அஞ்சை எடுத்துக்கணும், இதான் ஆட்டம். நாலு ராஜா மாதிரி பெரிய கை வச்சிருந்தும் ஒருத்தன் அதைவிடப் பெரிய கைகிட்ட தோத்துட்டா அது பேட் பீட். அந்தத் தோத்தவனுக்குத்தான் பெரிய பரிசு. நிறைய இடத்துல தோக்குற கையில குறைஞ்சது எட்டு சீட்டு நாலும் இருக்கணும், கையில உள்ள ரெண்டு சீட்டும் அதுல சேந்திருக்கணும்னு விதி வச்சிருப்பாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். உங்க தம்பி கையில ரெண்டு எட்டு, எதிர்ல இருக்கவன் கையில ரெண்டு ராஜான்னு வச்சுக்கங்க. மீதி 48 சீட்டு. அதுல இருந்து நடுவுல அஞ்சு சீட்டு விழுறதுக்கு 17,12,304 விதம் இருக்கு. அதுல மிச்ச ரெண்டு எட்டும் மிச்ச ரெண்டு ராஜாவும் சேந்தே வர்றது வெறும் 44 விதம்தான். அதாவது 38,916-ல ஒண்ணு. அதுவும் ரெண்டு பேர் கையிலயும் ஜோடி வந்து உக்காந்த பெறகு! ஒருத்தனுக்கு ஜோடி வர்றதே 17-ல ஒரு தடவைதான். எல்லாத்தையும் பெருக்கி, ஒன்பது பேர் உக்காந்த மேசைன்னு போட்டா, ஒருத்தனோட நாலு ஒரே சீட்டை இன்னொருத்தனோட பெரிய நாலு அடிக்கிறது ஏறக்குறைய 3,12,000 ஆட்டத்துக்கு ஒண்ணு. யாருமே சீட்டைக் கீழ வைக்காம கடைசி வரைக்கும் நின்னாத்தான் அதுவும். நெசத்துல சில பேரு சின்ன ஜோடியை ஆரம்பத்துலயே கீழ வச்சுட்டு விலகிருவாங்க. ஸ்ட்ரெயிட் ஃபிளஷ், அதாவது ஒரே சின்னத்துல வரிசையா அஞ்சு சீட்டு, வந்து நாலை அடிக்கிறதையும் சேத்தா வாய்ப்பு கூடும், எட்டுக்குக் கீழ உள்ளதைக் கழிச்சா குறையும், அது அந்தந்த கேசினோ போக்கர் ரூம் விதியைப் பொறுத்தது.

மணிக்கு 30 ஆட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம்னு ஆடுனா அந்த மேசையில இது சராசரியா மூணரை வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். ஆனா தோக்குற அந்த ஒரு ஆளு உங்க தம்பியா இருக்கணும்ல, ஒன்பதுல ஒண்ணு, அப்ப தினமும் போனாலே 32 வருஷம் ஆகுது, சனிக்கிழமை மட்டும் போனா 225 வருஷம் ஆயிரும். இதை எழுதும்போதே எனக்கு மனசு சங்கடமாத்தான் இருக்கு, ஆனா மறைச்சுச் சொல்ல முடியாது.

கணக்கு மட்டும் போதாதுன்னு போன வாரம் பக்கத்து வீட்டுப் பயலுக ரெண்டு பேரை திண்ணையில உக்கார வச்சு ஒருத்தன் கையில ரெண்டு எட்டும் இன்னொருத்தன் கையில ரெண்டு ராஜாவும் குடுத்துட்டு, நடுவுல அஞ்சு அஞ்சா போட்டுப் பாத்தோம். உப்புக்காத்துல சீட்டு பிசுபிசுன்னு ஒட்டிக்குது, குலுக்கவே பாடு. 400 தடவை போட்டோம். ஒரு தடவைகூட வரல. மூணு சீட்டு சேந்து நாலாவது தப்புனப்ப சின்னப் பய எந்திரிச்சே நின்னுட்டான்.

"ரொம்ப நாளா விழல, அதனால சீக்கிரம் விழும்"ங்கிறது தப்பு. சீட்டுக்கட்டுக்கு நேத்து நடந்தது தெரியாது, குலுக்குன ஒவ்வொரு தடவையும் அதே கணக்குதான். ஏறுறது தொகை மட்டும். சில ரூம்ல ரொம்ப நாள் விழலேன்னா விதியைத் தளர்த்தி இன்னும் சின்னக் கை தோத்தாலும் போதும்பாங்க, அப்ப மட்டும் வாய்ப்பு நெசமாவே கூடும். ரூம்ல ஒட்டியிருக்குற விதியை தம்பிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

கேள்வி: தோத்தவனுக்கு அவ்வளவு பணம் யாரு குடுக்குறா? கேசினோவா?
வாசகர், பாம்பன்

பதில்: இல்லப்பா, ஆடுறவங்க பணம்தான். ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேந்த பந்தயத்துல இருந்து ஒரு டாலர் போல எடுத்து, சீட்டுப் போடுற டீலர் மேசையில இருக்குற சின்ன ஓட்டையில போட்டுருவாரு. டக்குனு ஒரு சத்தம், அடுத்த ஆட்டம். அது சேந்து சேந்துதான் ஜாக்பாட். விழுந்தா வழக்கமா பாதி தோத்தவனுக்கு, கால்வாசி ஜெயிச்சவனுக்கு, மீதி கால்வாசி மேசையில இருந்த மத்தவங்களுக்கு. நம்ம விசைப்படகுல பங்கு பிரிக்கிற மாதிரின்னு வச்சுக்கயேன், ஆனா இங்க வலை இழுக்காம சீட்டைப் போட்டுட்டு உக்காந்திருந்தவனுக்கும் பங்கு உண்டு. வலையில கூறல் மீன் பட்டா அது கடல் குடுத்தது. இது உன் பையில இருந்து ஒவ்வொரு டாலரா போனது, அதுவும் திரும்பி வர்றது பெரும்பாலும் வேற ஒருத்தன் பைக்கு.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் சும்மா இருந்தப்ப எங்க பசங்க போன்ல போக்கர் ஆப் லிங்க் வந்துச்சுன்னு ஆட ஆரம்பிச்சுட்டாங்க. இது ஆடலாமா?
வாசகர், மண்டபம்

பதில்: வேணாம்யா. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி, தமிழ்நாட்டோட 2022 ஆன்லைன் சூதாட்டச் சட்டத் தடையில இருந்து ரெண்டையும் விலக்குச்சு, அதை வச்சுத்தான் இன்னும் பல பேரு ஆடலாம்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. ஆனா 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் கட்டி ஆடுற எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை பண்ணுது, திறமை ஆட்டமா இருந்தாலும் சரி. அதனால இப்ப வர்ற லிங்க்கைத் தொட வேணாம்னு பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அது பெரும்பாலும் ஏமாத்துற கூட்டமாத்தான் இருக்கும். யாராவது ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்திருந்தா வெக்கப்படாம ஒடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணச் சொல்லுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ அந்த அளவுக்கு பேங்க்ல பணத்தை நிறுத்திவைக்க வழி இருக்கு.