ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓட்டிப் பழகிய கால், ஹா ஜியாங் மலை ஏறுமா?

வாசகர் கேள்வி: எனக்கு 51 வயது, எடை 72 கிலோ. பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் ஈஸ்ட் கோஸ்ட் வழியாக மரினா பே வரை போய்த் திரும்புவேன். 55 கிலோமீட்டர், பெரிய களைப்பு இல்லை. நவம்பர் பள்ளி விடுமுறையில் வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பகுதியில் ஐந்து நாள் சைக்கிளில் போக ஆசை. மனைவி மின்சைக்கிளில் வருகிறேன் என்கிறார். எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். சைவம். சிங்கப்பூரில் மலையே இல்லையே, எப்படித் தயாராவது? என் ரோடு பைக்கையே கொண்டுபோகலாமா?

பதில்:

ஏறும். ஆனால் அந்த 55 கிலோமீட்டரை வைத்து அதைச் சொல்லவில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதையில் மேம்பாலம், சுரங்கப்பாதை எல்லாம் சேர்த்தாலும் நூறு மீட்டர் உயரம் ஏறியிருந்தால் அதிகம். ஹா ஜியாங்கில் ஒரே நாளில் 1,000 மீட்டர் ஏற வேண்டிவரும். நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர். அதைப்போல ஆறு குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஏறிய உயரத்தைக் கணக்கெடுங்கள். கையில் இருக்கும் கடிகாரமோ கைப்பேசிச் செயலியோ அதைக் காட்டும்.

முதலில் பாதை. ஹா ஜியாங் நகரில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் முழுச் சுற்று ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் மூன்று நான்கு நாளில் முடித்துவிடுவார்கள். முதன்முறை மலைக்குப் போகிற ஒருவர் அதை ஐந்து நாளில் சைக்கிளில் முடிக்க முயல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைசி இரண்டு நாளும் எதையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பதிலேயே போய்விடும். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஹா ஜியாங்கிலிருந்து தாம் சோன், ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மறுநாள் யென் மின், சுமார் 50. மூன்றாம் நாள் டோங் வான், அதுவும் சுமார் 50. நான்காம் நாள் மா பி லெங் கணவாய் வழியாக மேயோ வாக், 22 கிலோமீட்டர்தான். அந்தச் சின்னத் தூரத்துக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கச் சொல்வது வேண்டுமென்றேதான். சாலைக்குக் கீழே நோ குவே ஆறு பச்சை நூல்போல ஓடும் து சான் மலையிடுக்கு அங்கேதான் இருக்கிறது. பல நூறு மீட்டர் ஆழம். அந்த இடத்தில் கால் ஓய்ந்துபோய் நிற்கக்கூடாது.

அந்தச் சாலையே ஒரு வரலாறு. 1959 முதல் 1965 வரை மலைவாழ் இளையர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே வெட்டியது. மா பி லெங் பாறைமுகத்தில் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு மாதக்கணக்கில் குடைந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை யுனெஸ்கோ 2010இல் புவிப்பூங்காவாக ஏற்றது. வியட்நாமில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இடம் அது. புதன்கிழமை கிளம்பினால் ஞாயிறன்று மேயோ வாக்கில் இருப்பீர்கள். அன்று வாரச்சந்தை. சுற்றுவட்டாரத்தில் உள்ள மோங் இன மக்களின் ஊர்களிலிருந்து மாடு, கோழி, துணி, சோளச் சாராயம் எல்லாம் வந்திறங்கும். ஐந்தாம் நாளைச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிளை வண்டியில் ஏற்றித் திரும்பிவிடுங்கள்.

இனி உங்கள் ரோடு பைக். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். எட்டு விழுக்காட்டுச் சரிவில், இங்கே பலரும் வைத்திருக்கும் முன்னே 34, பின்னே 28 பல் கியரில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வரும். அதற்கு ஏறத்தாழ 180 வாட் சக்தி வேண்டும். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிற 51 வயதுக்காரர் அதை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பது கடினம். அதே மிதியை, முன்பல் பின்பல்லைவிடச் சிறியதாக, அதாவது 28க்கு 35 போன்ற விகிதத்தில் வைத்தால் வேகம் 6 கிலோமீட்டராகக் குறையும், தேவைப்படும் சக்தியும் 120 வாட்டுக்கு இறங்கும். மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் போய்க்கொண்டே இருப்பீர்கள். முழங்காலும் பிழைக்கும். அதனால் உங்கள் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, அங்கே டிஸ்க் பிரேக்கும் அகல டயரும் உள்ள மலைச் சைக்கிளை வாடகைக்கு எடுங்கள் என்பதே என் கருத்து. சீட்டையும் பெடலையும் மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள். பழகிய சீட்டுக்கு ஈடே கிடையாது.

வாடகைச் சைக்கிள் கைக்கு வந்ததும் முதல் வேலை, எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பார்ப்பது. சிங்கப்பூரில் முன் பிரேக் பெரும்பாலும் வலக்கையில் இருக்கும். அங்கே இடக்கையில் இருக்கக்கூடும். செங்குத்தான இறக்கத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை முழு வேகத்தில் அழுத்தினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். இடம் மாறியிருந்தால் கடைக்காரரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அல்லது சமதரையில் ஒரு மணி நேரம் ஓட்டிக் கையைப் பழக்குங்கள்.

இன்னொன்று, வியட்நாமில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊருக்குள் எல்லா வண்டியும் வலப்பக்கம் போவதால் மறக்காது. யாருமே இல்லாத மலைச் சாலையில்தான் மறக்கும். என் முதல் பயணத்தில், மூன்றாம் நாள் காலை ஒரு தேநீர்க் கடையில் இறங்கிவிட்டு மறுபடி கிளம்பியபோது, பழக்கத்தில் இடப்பக்கம் ஏறிவிட்டேன். திருப்பத்தில் எதிரே லாரி வந்தது. அதன் ஓட்டுநர் ஒதுங்கியதால் இன்று இதை எழுதுகிறேன். அதன்பிறகு என்னோடு வருகிற ஒவ்வொருவரும் ஹேண்டில்பாரின் வலப்பக்கம் சிவப்பு நாடா சுற்றிய பிறகுதான் கிளம்புவோம்.

பயிற்சி என்றாலே எல்லாரும் ஏற்றத்தை நினைக்கிறார்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு உண்மையில் பழகாதது இறக்கம். பத்து கிலோமீட்டர் இடைவிடாமல் இறங்கும்போது பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் கை மரத்துப்போகும், பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். திருப்பத்துக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்துக்குள் விட்டுவிட வேண்டும். பார்வை சக்கரத்தில் இல்லாமல் திருப்பம் முடியும் இடத்தில் இருக்க வேண்டும்.

நம் மவுண்ட் ஃபேபர் குன்று இதற்கெல்லாம் நல்ல பள்ளிக்கூடம். ஒருமுறை ஏறினால் ஏறத்தாழ 70 மீட்டர். விடியற்காலையில் நான்கு முறை ஏறி இறங்குவதில் தொடங்கி, மூன்று மாதத்தில் பத்து முறைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இறக்கத்தையும் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஃபேபர், ஞாயிறு கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் நீண்ட ஓட்டம் என்று இரண்டு நாளும் அடுத்தடுத்து வர வேண்டும். ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, களைத்த காலோடு மறுநாள் காலை 40 ஓட்டுவது இந்தப் பயணத்துக்கு அதிகம் உதவும். மழை நாளில் வீவக அடுக்குமாடி வீடுகளின் மாடிப்படி ஏறலாம். நெஞ்சுக்கு நல்லது, ஆனால் உட்காரும் இடத்துக்கு அது பயிற்சி ஆகாது.

சர்க்கரை விஷயத்தை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். நம் சமூகத்தில் இது இல்லாத வீடு குறைவு, அதனாலேயே பலரும் பழக்கப்பட்ட ஒன்றாக விட்டுவிடுகிறார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிக்கிளசைடு, கிளிப்பிசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், நாள் முழுக்க மிதிக்கும்போதும் அன்று இரவு தூக்கத்திலும் இறங்கக்கூடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை உடல்நீரைக் குறைக்கும். சரியாகச் சாப்பிடாமல் கடுமையாக உழைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் அவற்றில் உண்டு. பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் மருத்துவரிடமோ மாத்திரைப் பட்டியலோடும் இந்தப் பயணத் திட்டத்தோடும் போங்கள். இதயப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளுக்கோஸ் வில்லைகளும் பையின் அடியில் கிடக்காமல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டைக் குறைக்கிற வாரமும் அது இல்லை. 85 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்த உடல் ஏறத்தாழ 830 கலோரி செலவழிக்கும், கிட்டத்தட்ட நாலு கிண்ணம் சோறு. இது வழக்கமான சாப்பாட்டுக்கு மேல். சைவத்துக்கு அங்கே சொல்ல வேண்டிய சொல் ‘சாய்’, நம் தேநீரின் பெயர்போலவே ஒலிக்கும். ஆனால் மலையூர்களில் காய்கறிப் பிரட்டலிலும் மீன்சாறு ஊற்றுவார்கள். ‘நுவோக் மாம்’ வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். வெள்ளைச் சோறு, டோஃபு, கீரை, காலையில் ஒட்டரிசிச் சோறு தாராளமாகக் கிடைக்கும். தேக்காவில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வாங்கிப் போனால் இரவுச் சாப்பாடு கவலையில்லை. வழியில் கொறிக்கப் பேரீச்சையும் கடலை மிட்டாயும் வெயிலுக்கு உருகாதவை.

நவம்பர் நல்ல தேர்வு. மழைக்காலத்தில் அந்த மலைகளில் மண் சரியும், நவம்பரில் பெரும்பாலும் வறண்டிருக்கும். ஆனால் டோங் வானில் இரவு குளிர் பத்து டிகிரி வரை இறங்கலாம். வியர்வையோடு இறங்கும்போது காற்று எலும்பில் ஏறும். காற்றுத்தடுப்புச் சட்டையும் முழு விரல் கையுறையும் கட்டாயம். பலரும் எதிர்பார்க்காதது இருட்டு. இங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அங்கே அந்த மாதத்தில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை ஏழுக்குக் கிளம்பி, மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி மின்சைக்கிளில் வருவது நல்ல யோசனை, தயங்க வேண்டாம். ஆனால் இங்கிருந்து கொண்டுபோக முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத்தைப் பயணி விமானத்தில் ஏற்ற அனுமதியில்லை, மின்சைக்கிளில் இருப்பதோ பெரும்பாலும் 400 முதல் 600 வரை. ஹனோயிலோ பயண ஏற்பாட்டாளரிடமோ வாடகைக்கு முன்பதிவு செய்யுங்கள். 500 வாட்-மணி மின்கலம், குறைந்த உதவி நிலையில் ஓட்டினால் ஒரு நாள் ஏற்றத்துக்குப் போதும். எப்போதும் உச்ச நிலையில் வைத்தால் மதியத்துக்குள் தீரலாம், பிறகு 25 கிலோ இரும்பைத் தள்ள வேண்டும். அவருக்கும் இறக்கப் பயிற்சி உங்களைப்போலவே தேவை, கனமான சைக்கிள் நிற்க இன்னும் அதிக தூரம் எடுக்கும்.

துணை வண்டி ஒன்றைப் பேசிவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹனோயின் பெரிய மருத்துவமனைகள் ஹா ஜியாங் நகரிலிருந்தே ஏறத்தாழ 300 கிலோமீட்டர், சாலையில் ஆறேழு மணி நேரம். பயணக் காப்புறுதி வாங்கும்போது சைக்கிளோட்டமும் அவசர மருத்துவ இடமாற்றமும் அதில் உண்டா, சர்க்கரை நோயைச் சொல்லியும் ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீன எல்லை பக்கத்தில் என்பதால் கடப்பிதழ் எப்போதும் கையில் இருக்கட்டும். எல்லைப்பகுதி அனுமதி தேவையா என்று தங்குமிடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. செப்டம்பரில் ஒரு நீண்ட வார இறுதியை எடுத்துக்கொண்டு இருவரும் மலேசியாவுக்குப் போங்கள். கோலா குபு பாருவிலிருந்து ஃபிரேசர்ஸ் மலைக்குச் சீராக ஏறும் சாலை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் ஏறுங்கள், மேலே தங்குங்கள், மறுநாள் இறங்குங்கள். மூன்றாம் நாள் காலை கீழே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சீட்டில் வலியில்லாமல் உட்கார முடிந்து, கை பிரேக்கைச் சரியாகப் பிடித்து, சர்க்கரை அளவும் ஒழுங்காக இருந்தால் அன்று மாலையே விமானச் சீட்டை எடுத்துவிடுங்கள்.