கொடைக்கானல் காளானும் குணமாகாத மனச்சோர்வும்: டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயம்: போதைப்பொருளை மனநோய்க்கு மருந்தாக்கலாமா என்பது. யூடியூபில் ஏதோ ஓடியிருக்கிறது போலும்.

எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் ஹிப்பிகள் கொண்டுவந்ததுதானே? அதை எப்படி மருந்து என்கிறார்கள்? (பெரம்பூர் வாசகர்)

மருந்துக் கம்பெனி கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் தயாரித்தார். 1943-ல் தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளில் அரண்டுபோய் வீடு சேர்ந்தார். பிறகு ‘டெலிசிட்’ என்ற பெயரில் மனநல மருத்துவர்களுக்கு ஆய்வுக்கு அனுப்பினார்கள். 1950-களில் கனடாவின் சஸ்காச்சுவானில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் அதைக் குடிநோயாளிகளுக்குக் கொடுத்தார். ஹிப்பிகள் அதற்கப்புறம்தான். இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்திய 1971 ஐ.நா. உடன்படிக்கையோடு ஆய்வுகள் படுத்துவிட்டன. 2000-க்குப் பிறகுதான் மெல்ல எழுந்தன.

என் மனைவிக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. கெட்டமின் ஏற்றலாம் என்கிறார் டாக்டர். அது போதை ஊசி இல்லையா? (குரோம்பேட்டை)

பயப்படாதீர்கள். 1970-லிருந்து உலகம் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் மயக்க மருந்து அது. மனச்சோர்வுக்கு மிகக் குறைந்த அளவில், சுமார் 40 நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். சில மணி நேரத்திலேயே தெளிவு தெரியலாம்; பலருக்கு அந்தத் தெளிவு ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, கண்ட இடத்தில் கிடைக்காது. ஏற்றும்போது பிரஷரை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள். சரியான பதில் வராத இடத்தில் போடாதீர்கள்.

மூன்று வருடமாக டிப்ரெஷன். மாத்திரையை நிறுத்திவிட்டு நண்பர்களோடு கொடைக்கானல் போய் போதைக் காளான் சாப்பிட எண்ணம். வெளிநாட்டு ஆய்வில் ஒரே டோஸில் குணமாம். உங்கள் கருத்து? (சிறுசேரி, ஐ.டி. ஊழியர்)

வெளிநாட்டு ஆய்வில் ஒருவரும் மலைச்சரிவில் பறித்துத் தின்னவில்லை, தம்பி. 2022-ல் வெளியான பெரிய ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 230 பேர். அந்தக் காளானில் உள்ள போதைப்பொருளான சைலோசைபினை அளந்து தயாரித்த காப்ஸ்யூல். மனச்சிதைவு உண்டா, இருமுனை நோய் உண்டா என்று துருவிக் கேட்டு வடிகட்டிய பிறகுதான் சேர்த்தார்கள். காப்ஸ்யூல் கொடுத்த அன்று ஆறேழு மணி நேரம் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முன்னும் பின்னும் பேச்சு சிகிச்சை. இத்தனைக்கும் பிறகு, 25 மில்லிகிராம் பெற்றவர்களில் மூன்று வாரத்தில் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 12 வாரம் வரை தாக்குப்பிடித்தவர்கள் ஐந்தில் ஒருவர். ‘ஒரே டோஸில் குணம்’ எங்கே இருக்கிறது?

காட்டில் காளானை யார் அடையாளம் பார்த்தார்கள்? நச்சுக் காளான் சில ரகத்தில் ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தி வரும். அடுத்த நாள் சரியாகிவிட்டது போல இருக்கும். அதற்கடுத்த நாள் கல்லீரல் போகும்.

இனி என் பழைய பாட்டு, வாசகர்கள் பொறுத்தருள்க. மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்! ஆய்வுகளிலும் நிறுத்தித்தான் சேர்த்தார்கள் என்பீர்கள். மருத்துவர் கண்காணிப்பில், அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நீங்கள் சனிக்கிழமை பஸ் ஏறுவதற்காக வியாழக்கிழமை நிறுத்தினால், தலைச்சுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எல்லாம் மலையேறும்போதே கூட வரும். லித்தியம் மாத்திரை எடுப்பவர் இந்தக் காளானைத் தின்றால் வலிப்பே வரலாம். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவே இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவர்களை ஸ்ட்ரெச்சரில் பார்த்து அலுத்துவிட்டது. சட்டப்படியும் சைலோசைபின் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பெயிலுக்கு அலைவது உங்கள் அப்பா.

இந்தப் பொருள்களை மிகச் சிறிய அளவில், ‘மைக்ரோடோஸ்’ ஆக எடுத்தால் வேலையில் சுறுசுறுப்பு கூடுமா? (வேளச்சேரி)

2021-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வில் வெற்றுக் காப்ஸ்யூல் போட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே சுறுசுறுப்பு வந்தது. தூங்குங்கள்.

ஆஸ்திரேலியாவில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளை மருந்தாக அனுமதித்துவிட்டார்களே, நமக்கு எப்போது? (ஆதம்பாக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

2023 ஜூலையிலிருந்து, அனுமதி பெற்ற மனநல மருத்துவர் மட்டும், அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கு எழுதலாம். அமெரிக்கா 2024 ஆகஸ்டில் மறுத்துவிட்டது. கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்று பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டது ஆய்வின் பெரிய ஓட்டை. இங்கே இப்போதைக்கு இல்லை, ஐயா.

தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை. என்ன மாத்திரை போடலாம்? (பெயர், ஊர் இல்லை)

வயது இல்லை, எடுக்கும் மருந்து இல்லை. வேறு நாளென்றால் திட்டியிருப்பேன். ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பத்திரிகையில் பதில் கிடையாது. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள். நேரில் போக முடிந்தால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்து வெளிநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.